தயாளினியின் ஆறரை மில்லிமீற்றர்

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் காலை ட்ராம் ஏறுகிறவர்களுக்கு, அதை ஓட்டிக்கொண்டு வரும் குள்ளமான தமிழ்ப் பெண் ஓய்வு நாட்களில் என்ன செய்கிறாள் என்று தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஓட்டுநர் இருக்கையை உச்சிவரை உயர்த்தினால்தான் அவளுக்குப் பாதை தெரியும். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. பெயர் தயாளினி. அவள் ஒரு வேட்டைக்காரி.

அதை அவள் யாழ்ப்பாணத்தில் கற்கவில்லை, நோர்வேயில் கற்றாள். கலியாணம் முடித்துப் போன இடம் பைன் காடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. கணவன் ஞானேஸ்வரனுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை, அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இலையுதிர் காலம் வந்தால் அந்த ஊரில் பாதிச் சனம் எல்க் வேட்டைக்குப் போய்விடும். எல்க் என்பது குதிரையைவிட உயரமான மான். ஒன்று விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க இறைச்சி. கூட வேலை செய்த பெண் ஒருத்தி, "இறைச்சி தூக்க ஆள் காணாது, வாறியா?" என்று கூப்பிட்டதற்குத்தான் தயாளினி முதன்முதலில் போனாள். அடுத்த வருஷமே வேட்டைப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, துப்பாக்கியோடு போனாள்.

அந்தக் குழுவினர் அவளுக்குத் தேடிக் கொடுத்தது ஆறரை மில்லிமீற்றர்த் துப்பாக்கி. அதன் சன்னம், அதாவது குண்டு, பென்சில் தடிப்புக்கூட இல்லை. நோர்வேக்காரரின் பாட்டன்மார் காலத்துத் தோட்டா, தோளை மெதுவாகத்தான் உதைக்கும். இதனால் ஒரு எல்க் விழுமா என்று அவளுக்கே முதலில் சந்தேகம். விழுந்தது. ஒன்றல்ல, வருஷா வருஷம் விழுந்தது.

ஞானேஸ்வரனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இருபது வயதில், ஒரு சோதனைச் சாவடியில், நெஞ்சில் துப்பாக்கிக் குழல் அழுத்த வெயிலில் நின்றவர் அவர். "நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம். நீர் அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வாறீர்" என்றார். தடுக்கவில்லை. ஆனால் அவள் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். இறைச்சிக் கறியை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

மகள் மேனுஷாவின் படிப்புக்காகக் குடும்பம் லண்டனுக்கு வந்தபோது துப்பாக்கியும் கூட வந்தது. உரிமம் கொடுக்க முன் வீட்டுக்கு வந்த பொலிஸ் அதிகாரி, சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "இது உங்கள் கணவருக்கா?" என்று கேட்டார். "இல்லை, எனக்கு" என்றாள். கென்ட் பக்கத்தில் ஒரு தோட்டக்காரருக்கு மான்களால் பெரிய தொல்லை. இளம் ஆப்பிள் மரங்களின் பட்டையெல்லாம் உரித்துத் தின்றுவிடும். அவற்றைக் குறைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. கோயிலில் சிலர் முணுமுணுத்தார்கள்: சைவப் பிள்ளை, இப்படி மான் சுடலாமோ? "வெள்ளிக்கிழமையில நான் மச்ச மாமிசம் தொடுறேல்லை. மற்ற நாளில நீங்கள் தின்னுற ஆட்டை ஆரோ வெட்டித்தானே தாறான்?" என்பாள். அதற்கு மேல் கதை வளராது.

இப்படியிருக்கத்தான் நிஷாந்தனுக்கும் வேட்டை ஆசை பிடித்தது. நிஷாந்தன் ஞானேஸ்வரனின் தம்பி, இல்ஃபோர்டில் கணக்காளர். எதைத் தொட்டாலும் உச்சத்தில்தான் தொடுவான். படம் எடுக்க ஆசைப்பட்டால் கடையில் இருக்கும் ஆகப் பெரிய கமெரா, சைக்கிள் ஓட ஆசைப்பட்டால் பந்தயக்காரர் ஓடும் சைக்கிள். உரிமம் கையில் கிடைத்ததும் முந்நூறு மக்னம் என்ற பலமான துப்பாக்கியை வாங்கினான். ஸ்கொட்லாந்தில் கலை எனப்படும் பெரிய ஆண்மான் வேட்டைக்குப் பதிவும் செய்துவிட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் மிச்சத்திலுள்ள அண்ணன் வீட்டுக்கு வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றுத் தோட்டாக்கூட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினான்.

"பாருங்கோ மச்சாள். இதால அடிச்சா எந்தக் கலையெண்டாலும் நிண்ட இடத்திலேயே விழும்."

"கூடு நல்ல நீளமாத்தான் கிடக்கு. தோள் என்ன சொல்லுது?"

"தோளுக்கென்ன? ஜிம்முக்குப் போற தோள்." அவன் சிரித்தான். "பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா. சின்னப்பிள்ளைக்கும் விளங்கிற கணக்கு."

தயாளினி அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். "நெஞ்சுக்குள்ள போறது சின்னனெண்டாலும் மிருகம் விழும், நிஷாந்தன். வயித்துக்குள்ள போறது எவ்வளவு பெரிசெண்டாலும் அது ஓடும். எங்கையாவது பத்தைக்குள்ள கிடந்து அந்தரிச்சுச் சாகும்."

"நோர்வேயில காட்டுக்குள்ள கிட்ட நிண்டு அடிச்சனீங்கள். அங்கை மொட்டை மலை. தூரம்."

"ஓம், அது நியாயம். தூரத்துக்கு மக்னம் உதவும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அதைப் பிடிக்கிறவனுக்கு அதில பயம் இருக்கக்கூடாது."

"எனக்கென்ன பயம்?"

ஞானேஸ்வரன் தோட்டாக்கூட்டை விரல் நுனியால் தம்பி பக்கம் தள்ளினார். "சாப்பாட்டு மேசையில இந்தக் கதை வேண்டாம்."

கதை அங்கே நின்றது, விவாதம் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் லண்டனுக்குத் தெற்கே ஒரு சுடுதளத்துக்குப் போனார்கள். நிஷாந்தனின் குண்டுகள் இலக்கு அட்டையில் நான்கு மூலைக்கும் சிதறின. காற்று என்றான், துப்பாக்கித் தொலைநோக்கி சரியில்லை என்றான். "துவக்கைத் தாரும், நான் நிரப்பித் தாறன்" என்று வாங்கிய தயாளினி, அவனுக்குத் தெரியாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அவன் குறி பார்த்து விசையை இழுத்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனாலும் குழல் முனை ஒரு சாண் கீழே தாழ்ந்தது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. வராத உதைக்கு அவன் உடம்பு ஏற்கெனவே பயந்துவிட்டது.

நிஷாந்தன் கண்ணைத் திறந்து துப்பாக்கியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "கள்ள வேலை பாத்திட்டியள் மச்சாள்."

"துவக்கில பிழையில்லை எண்டு இப்ப தெரியுதே?"

"பழகினாச் சரிவரும்" என்றான். தோற்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில், "ஸ்கொட்லாந்துக்கு நீங்களும் வாங்கோ. இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு" என்றான். அந்தக் குரலில் வீறாப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. தயாளினி வேலையில் லீவு எடுத்தாள்.

ஒக்டோபர் மாதம். மலையெங்கும் கலைமான்களின் உறுமல் கேட்கும் பருவம். அந்த மலைப்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மர்டோ என்பவர்தான் வழிகாட்டி. காற்றில் காய்ந்த முகம், குறைந்த பேச்சு. முதல் நாள் முறை நிஷாந்தனுடையது. ஓடையோரமாக ஊர்ந்து போய் ஒரு நல்ல கலையை நெருங்கினார்கள். மக்னம் இடிபோல முழங்கியது. குண்டு மானின் முதுகுக்கு மேலாகப் பறந்து, பின்னாலிருந்த பாறையில் புகை கிளப்பியது. மான் கூட்டம் மேட்டைத் தாண்டி மறைந்தது. மர்டோ நெடுநேரம் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "ஒரு கீறலும் இல்லை, சுகமாகப் போகிறது" என்றார். நிஷாந்தன் ஈரப் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தான். தயாளினி அவன் முதுகில் தட்டினாள். "காயப்படுத்தேல்லை. அதுவே பெரிய விஷயம். எழும்பும்."

மறுநாள் காலை, மர்டோ ஒரு முதிய கலையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆகப் பெரியது. பல் தேய்ந்துவிட்டது, வருகிற பனிக்காலத்தைத் தாண்டாது. பட்டினியில் சாவதற்குமுன் எடுத்துவிட வேண்டும். நிஷாந்தன் தன் துப்பாக்கியை உறையை விட்டு எடுக்கவேயில்லை. "இண்டைக்கு நீங்கள் அடியுங்கோ மச்சாள். இதை நான் பிழை விடக்கூடாது."

மர்டோ அவளுடைய தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "நல்ல தோட்டாதான். ஆனால் அது கனத்த உடம்பு. இன்னும் பலமான துப்பாக்கி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?"

"இதனால் எல்க் எடுத்திருக்கிறேன்" என்றாள் அவள். "எனக்கு வேண்டியது பக்கவாட்டில் நிற்கும் ஒரு மான். நெருங்கிப் போக உதவி செய்யுங்கள், அது போதும்."

மர்டோ தலையாட்டிவிட்டு முன்னே நடந்தார்.

அன்று ஏறிய ஏற்றம் அவள் முழங்காலுக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடைசித் தூரத்தைச் சேற்றில் வயிற்றால் இழுத்துக்கொண்டே கடந்தார்கள். குளிர் தண்ணீர் சட்டைக் கழுத்தால் நுழைந்து காலுறை வரை இறங்கியது. ஒரு பாறை மறைவுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது, கலை புதருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கொம்புகள் காய்ந்த மரக்கிளைபோல மேலே நின்றன. படுத்திருக்கும் மானைச் சுட அவளுக்கு விருப்பமில்லை. காத்திருந்தாள். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. விரல் விறைக்கும்போதெல்லாம் கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கினாள். குளிரில் நிஷாந்தனின் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் பக்கத்தில் கேட்டது.

தூரத்தில் வேறொரு கலை உறுமியது. கிழட்டுக் கலையார் அதைப் பொறுத்துக்கொள்வாரா? எழுந்து நின்றார். ஆனால் நேரே அவர்களைப் பார்த்துக்கொண்டு. "இப்போது" என்று மர்டோவின் உதடு அசைந்தது. தயாளினி சுடவில்லை. நேரே நிற்கும் மானில் நெஞ்சுக்குப் போகும் வழி ஒடுக்கமானது. அவள் மூச்சை வெளியே விட்டு, இன்னும் காத்திருந்தாள். கலை தலையைத் திருப்பி, உடம்பைத் திருப்பி, அந்த உறுமல் வந்த திசையை நோக்கி ஓரடி வைத்தது. தோள் முழுதாகத் தெரிந்தது.

விசையை இழுத்தது அவளுக்கே தெரியாதபடி வெடித்தது.

கலைமான் அசையவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல நின்றது.

"படேல்லை!" நிஷாந்தன் பதறினான். "மச்சாள், படேல்லை! அது சின்னத் தோட்டா, திருப்பி அடியுங்கோ!"

அவள் ஏற்கெனவே அடுத்த தோட்டாவை ஏற்றி, அதே இடத்தில் குறியை வைத்திருந்தாள். எல்க் இப்படித்தான் நிற்கும். நெஞ்சு துளைபட்ட பிறகும், அந்தச் செய்தி கால்களுக்குப் போய்ச் சேராததுபோல நிற்கும். "பட்டிட்டுது" என்றாள் மெதுவாக. "பாரும்."

கலை சில அடி நடந்தது. முன்னங்கால் பின்னியது. பெரிய கொம்பு ஒரு பக்கம் சரிந்தது, உடம்பு அதன் பின்னால் சரிந்தது. பிறகு மலையில் காற்றின் சத்தம் மட்டும்.

மர்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் கை நீட்டினார். ஈரச் சேற்றோடு இரண்டு கைகளும் பற்றிக்கொண்டன. "இந்த மலையில் இதைவிடச் சுத்தமாகச் சுட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். தயாளினி கிட்டப் போய் மானின் கழுத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் இருந்தாள். எந்த மானுக்கும் அவள் அப்படிச் செய்வது வழக்கம்.

மலைக்குதிரை ஒன்றின் மேல் ஏற்றித்தான் அதைக் கீழே கொண்டுவர முடிந்தது. இறைச்சி வெட்டும் கொட்டிலில் மர்டோ விலாவைத் திறந்து காட்டினார். சன்னம் ஒரு பக்கத்தால் புகுந்து, இரண்டு நுரையீரலையும் துளைத்து, மறுபக்கத்தால் போயிருந்தது. நிஷாந்தன் குனிந்து அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மற்றப் பக்கத்தால போயிட்டுதே!"

"போயிட்டுது. இதைவிடப் பலமாத் தள்ளியிருந்தால் மிச்சப் பலம் எங்கை போயிருக்கும்? பின்னால இருக்கிற மலைக்குத்தான்." அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "மலையைச் சுடவே வந்தனாங்கள்?"

நிஷாந்தன் வாய்விட்டுச் சிரித்தான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. லண்டன் திரும்பியதும் மக்னத்தைத் துப்பாக்கிக் கடையில் மாற்றிக்கொண்டான். பதிலுக்கு வாங்கியது ஆறரை மில்லிமீற்றரா என்று யாரும் கேட்டால், "இல்லை, அது மச்சாளின்ர. என்ரது வேற. ஆனா இதுவும் உதையாது" என்பான்.

அந்த மாத முடிவில், கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு உறவினர் வீட்டில் விருந்து. மான் இறைச்சிப் பிரட்டல் பெரிய சட்டியில் மேசைக்கு வந்தது. நிஷாந்தன் மலைக் கதையைத் தொடங்கினான். தான் பாறையைச் சுட்டதை ஒளிக்கவில்லை. கை காலெல்லாம் ஆட்டி நடித்தே காட்டினான். பெரிய கலை எழுந்து நின்ற கட்டம் வந்ததும் அறையில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. கதை முடிந்தபோது, கடை வைத்திருக்கும் முதியவர் தில்லையம்பலம் கேட்டார்: "அப்ப பிள்ளை, உம்மட துவக்கு நல்ல பெரிய துவக்கோ?"

தயாளினி வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"துவக்கில என்ன அண்ணை கிடக்கு?" ஞானேஸ்வரன்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அது ஒரு சின்னத் துவக்கு. உதைக்காது, அவ்வளவுதான். விழுத்திறது என்ர மனிசியின்ர பொறுமை. அந்த மிருகம் அந்தரிக்காமல் போகவேணும் எண்டு மழைக்குள்ள எவ்வளவு நேரம் கிடந்தவ தெரியுமே? கையில துவக்கை வைச்சுக்கொண்டு சுடாமல் இருக்கத் தெரிஞ்ச ஆக்களை நான் கனபேரைக் கண்டதில்லை."

அவருடைய சோதனைச் சாவடிக் கதை தெரிந்த இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தில்லையம்பலம் மட்டும், "அது சரி, அது சரி" என்று தலையாட்டிக்கொண்டே, பிரட்டலில் இன்னும் ஒரு கரண்டி அள்ளினார்.

தயாளினிக்கு முகம் சூடேறியது. மலையில் மர்டோ தொப்பியைக் கழற்றியபோது வந்த பெருமையும் பெருமைதான். இது அதைவிடக் கனமாக நெஞ்சில் இறங்கியது. "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள். பனிக்காலத்தில் பெண்மான்களைக் குறைக்க வரும்படி மர்டோ அவளை அழைத்திருந்தார். வீட்டுக்குப் போகும்போது காரில் அதைச் சொன்னாள். ஞானேஸ்வரன் பாதையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்த மலையில சும்மா நிண்டு பாக்கவும் விடுவினமோ?"