மூன்று தட்டு

இந்தக் கதையை நம்பாதவர்கள் தென்காசியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சரி, பழைய குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் அந்த லாட்ஜின் பின்பக்கம் போய், தொட்டி மூடிமேல் ஒரு தடவை காதை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றால், அவர்களில் ஒருவரும் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். லாட்ஜின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் சங்கரேஸ்வரி வாயால் சொன்னது. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சங்கரேஸ்வரி கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். புருஷன் சுடலைமணி சென்ட்ரிங் வேலைக்காரன். கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதும், இறுகியபின் எல்லாவற்றையும் பிரித்து எடுப்பதும் அவன் வேலை. கொழுந்தன் நயினாருக்கும் அதே தொழில். மூன்று பேரும் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து இறங்கியபோது குற்றாலத்தில் நல்ல சாரல். மலையே தெரியவில்லை. பகல் சாப்பாட்டு நேரம், விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக் கிடந்தது.

லாட்ஜ் முடிகிற தறுவாயில் இருந்தது. அருவியில் சீசன் கூட்டம் அலைமோதியது. ரூமைத் திறக்க முடியாமல் ஓனர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மிச்சம், பின்பக்கத்து சம்ப் ஒன்றுதான். தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் பெரிய தொட்டி. மேல்தளம் போட்டு நாளாகிவிட்டது. அதைத் தாங்கிய பலகைகளும் சவுக்கு முட்டுகளும் மட்டும் உள்ளே ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தன. போகவும் வரவும் ஒரே வழி, ஓர் ஆள் தோளைக் குறுக்கி நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அதைச் சுற்றி இரும்புச் சட்டம்.

"அடிச்ச ஆளுகளே பிரிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டான் சுடலைமணி.

சூப்பர்வைசர் குமரகுரு முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தான். தெரியாத மலையை. "அது செங்கோட்டைப் பக்கத்து செட். கோயில் கொடைன்னு போனவனுக, திரும்பி வரல."

இந்த மாதத்தில் அந்தப் பக்கம் என்ன கொடைத் திருவிழா என்று சங்கரேஸ்வரிக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஓட்டையின் ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. குங்குமம் சாரலில் கரைந்து சிமெண்டில் இறங்கியிருந்தது. புதுக் கட்டடத்துக்குத் திருஷ்டி கழிப்பது வாசலில்தானே... தொட்டிக்கு எவன் கழிப்பான்?

அதையும் அவள் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள். "உள்ள காத்து எப்படி இருக்கோ. காத்தடிக்கிற மெஷின் வச்சு ஊதிட்டு இறங்கலாமே அண்ணாச்சி."

"ஏம்மா, சம்புக்குள்ள இறங்க மெஷின் கேக்கியே. நாளைக்கு ஏசி போட்டாத்தான் இறங்குவோம்பீக போல. மூடி திறந்துதான கெடக்கு, காத்துக்கு வழி காட்ட ஆளா அனுப்பணும்?"

நயினார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஷெட்டில் இருந்த மெழுகுவத்தியை எடுத்து, கம்பியில் கட்டி, கொளுத்தி, ஓட்டைக்குள் இறக்கினாள். சுடர் அசையவில்லை. ஆடவில்லை. யாரோ இரண்டு விரலால் கிள்ளியது போல... அணைந்தது.

"சாரல்ல எந்த விளக்கு நிக்கும்?" என்றான் குமரகுரு.

குற்றாலத்தில் அது நியாயமான பேச்சு. சாரல் காலத்தில் தீக்குச்சியே நிற்காத ஊர். மூன்று பேரும் அதை ஒத்துக்கொண்டார்கள். வினை அங்கேதான் இருந்தது.

ஆனாலும் கயிறு கட்டாமல் சுடலைமணியை இறங்க விடமாட்டேன் என்று நின்றாள்.

"என்னைய என்ன, கிணத்து வாளின்னு நெனச்சியாட்டி?"

"வாளின்னா போனாப் போகுதுன்னு வேற வாங்கிக்கிடலாம்."

"இடுப்புல கட்டாத. அது ஏற்கெனவே போயாச்சு."

கக்கத்துக்குக் கீழே மார்பைச் சுற்றி இறுக்கினாள். மறுமுனையை வெளியே நின்ற தூணில் கட்டினாள். சுடலைமணி டார்ச்சைத் தலையில் மாட்டினான். கடப்பாரையை எடுத்துக்கொண்டான். சுவரில் பதித்திருந்த கம்பிப் படியில் இறங்கினான். தலை மறைந்தது.

நயினார் முன்பக்கம் லாரியில் கம்பி ஏற்றப் போனான். குமரகுரு போனில் பேசிக்கொண்டே நகர்ந்தான்.

தொட்டிக்குள் பேச்சு எடுபடாது. சுவரில் மோதிக் குழம்பிவிடும். அதனால் அவர்கள் செட்டில் தட்டுதான் பேச்சு. மேலே இருப்பவர் இரண்டு தட்டினால், இருக்கியா என்று அர்த்தம். கீழே இருப்பவன் மூன்று தட்டினால், நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

கம்பித் துண்டால் சட்டத்தில் தட்டினாள். டொக். டொக்.

டங்... டங்... டங்.

மூச்சு வந்தது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. உடனே மூன்று. மறுபடி இரண்டு. மறுபடி மூன்று. ஒருதடவைகூட பதில் தவறவில்லை.

சரிதான்... ஆனால் பலகை விழுகிற சத்தம் எங்கே?

ஒரு முட்டைத் தட்டிவிட்டால் பலகை படாரென்று விழும். இத்தனை நேரத்துக்கு நாலு பலகையாவது விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. தட்டுக்குத் தட்டு மட்டும் வந்தது.

அப்புறம், அவள் தட்டுவதற்கு முன்பே வந்தது.

டங். டங். டங்.

அது இரும்புமேல் இரும்பு விழுகிற சத்தம். சுத்தியல் சத்தம். கல்யாணமான நாள் முதல் கேட்டுப் பழகிய காது அவளுக்கு. கடப்பாரைக்கு அந்த நாதம் வராது.

பக்கத்தில் கிடந்த சாப்பாட்டுப் பையை விலக்கினாள்.

சுடலைமணியின் சுத்தியல் அங்கே கிடந்தது.

சங்கரேஸ்வரி அதைக் கையில் எடுத்தாள். "இங்கேருங்க..." என்று ஓட்டைக்குள் குனிந்து கூப்பிட்டாள். டார்ச் வெளிச்சம் தெரிந்தது. தரையில், தேங்கிய தண்ணீர் ஓரத்தில். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தது.

டங். டங். டங்.

அந்தச் சத்தம் வெளிச்சம் கிடந்த பக்கத்திலிருந்து வரவில்லை. எதிர் மூலையிலிருந்து வந்தது.

அவள் போட்ட கூச்சலில் நயினார் ஓடி வந்தான். ஒரே பார்வைதான். சட்டையைக் கழற்றி எறிந்து ஓட்டைக்குள் காலை விட்டான். சங்கரேஸ்வரி அப்படியே குறுக்கே விழுந்து ஓட்டையை மறைத்தாள்.

"மதினி, விலகு. அண்ணன் தட்டுதான். கேக்கலையா? உசிரோட இருக்கான்."

"இறங்காதலே. நீயும் போயிருவ."

"அண்ணன் கூப்பிடுதான்னு சொல்லுதேன்ல."

அவள் சுத்தியலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்கண்ணன் சுத்தி இங்கன கெடக்கு. உள்ள தட்டுறது யாருலே?"

நயினாரின் கால் அந்தரத்தில் நின்றது.

டங். டங். டங்.

காலை வெளியே இழுத்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

குமரகுரு வந்தான். ஓட்டையைப் பார்த்தான்.

"இவனும் போயிட்டானா?"

இவனும்.

அந்த ஒரு 'உம்' சங்கரேஸ்வரியின் நெஞ்சில் இறங்கியது. கேட்க நேரமில்லை. "கயித்தப் பிடிங்க. தீயணைப்புக்குப் போன் அடிங்க." முன்பக்கத்து லாரி டிரைவர் போன் போட்டான். தென்காசியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாம். ரோடு முழுக்க சீசன் வண்டி. எப்போது வருமோ...

இழுத்தார்கள். கயிறு கொஞ்சம் ஏறியது.

நின்றது.

எங்கோ முட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. மூன்று பேர் பலத்துக்கும் அசையவில்லை. தளர்த்தி இழுத்தார்கள். வரவில்லை. பக்கவாட்டில் ஆட்டினார்கள். வரவில்லை. நயினார் அழுதுகொண்டே இழுத்தான். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கீழே அவனுக்கு மூச்சு இருக்கிறதோ இல்லையோ... போய் எடுத்துவிட ஓர் ஆள் இறங்கினால் போதும். இறங்கினால் திரும்ப மாட்டான்.

டங். டங். டங்.

"என்ன வேணும் உனக்கு?" ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள். "அவுகள விட்டுரு. எனக்கு வேற நாதி கிடையாது. விட்டுரு."

கயிறு இம்மியும் நகரவில்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சுத்தியலைத் தூக்கினாள். இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தாள்.

டங்.

டங்.

டங்.

கீழே எல்லாம் அடங்கியது.

கயிறு தளர்ந்தது.

முட்டிலிருந்து யாரோ விலக்கிவிட்டது போல... தளர்ந்து, ஆடி, நேராக நின்றது. இழுத்தார்கள். கனமே இல்லை. கீழிருந்து ஒருவர் ஏந்திக் கொடுப்பது போல ஏறி வந்தது. முதலில் தலை. அப்புறம் தோள்.

முகம் நீலம் பாரித்திருந்தது. நயினார் வாயோடு வாய் வைத்து ஊதினான். ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான்.

சுடலைமணி இருமினான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அவன் தெளிவாகப் பேச ஆரம்பித்ததும் சங்கரேஸ்வரி முதலில் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க தட்டினீகளா?"

"கடைசிப் படியில கால் வச்சதுதான் தெரியும். கண்ணக் கட்டிட்டு வந்துது. ஒரு தட்டும் தட்டலட்டி."

தீயணைப்புக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். மூடிய தொட்டியில் ஊறிக்கிடக்கும் மரம், காற்றிலுள்ள பிராணவாயுவை எல்லாம் தின்றுவிடும் என்றார். கண்ணுக்குத் தெரியாது, வாசம் வராது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். மெழுகுவத்தி அணையாவிட்டாலும் நம்பக் கூடாது. கருவி வைத்துக் காற்றை அளந்து, மெஷின் வைத்து ஊதி, அப்புறம்தான் கால் வைக்க வேண்டும். ஒருவன் விழுந்தால் காப்பாற்றக் குதிக்கிறவன்தான் இரண்டாவது பிணம். "உங்க கொழுந்தனைத் தடுத்தீக பாருங்க," என்று நிறுத்தி, ஒரு பையைத் திறந்தார். "எதிர் மூலையில கெடந்தது. உங்க வீட்டுக்காரரோடதா?"

சுத்தியல். பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. இரும்பு துருப்பிடித்திருந்தது.

"எங்களது இல்ல," என்றாள்.

"எங்களது," என்றது ஒரு குரல்.

வாசலில் ஒருத்தி நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பெயர் காளீஸ்வரி. செங்கோட்டைப் பக்கத்துப் பண்பொழிக்காரி. அவள் புருஷன் விஜய்பாண்டி, சாரல் தொடங்கிய சமயத்தில் அதே தொட்டியில் பலகை பிரிக்க இறங்கியவன். நெஞ்சுவலி என்று சொல்லி உடம்பை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களைக் கேரளா பக்கம் அனுப்பிவிட்டார்கள். சம்பில் ஆள் விழுந்த செய்தி கேட்டதும் இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குமரகுருவைப் போலீஸ் இழுத்துப் போனது அன்றைக்குத்தான்.

காளீஸ்வரி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேல நின்னது நீங்கதானாக்கா?"

"ஆமா."

"அவருக்கு மேல நின்ன ஆளை, லாரி வந்துட்டுன்னு கூப்பிட்டுட்டாகளாம். திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கு." சுத்தியல் பிடியைத் தடவினாள். "தட்டுற சத்தம் கேட்டதா சொன்னாக. எத்தனை?"

"மூணு மூணா."

காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க ஆளுகளுக்கு மூணுன்னா, தூக்குன்னு அர்த்தம்க்கா. மேலேர்ந்து வந்தாலும் கீழேர்ந்து வந்தாலும் தூக்கு."

நல்லா இருக்கேன் என்று நினைத்து சங்கரேஸ்வரி நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது... தூக்கு, தூக்கு, தூக்கு. கடைசியில் இவள் மூன்று அடித்ததும், கீழே இருந்தவன் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"மேலேர்ந்து... ரெண்டு தட்டினா?"

"'இரு, வாறேன்'னு அர்த்தம்."

சுடலைமணி பிழைத்துக்கொண்டான். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை, சுத்தியல் பிடிக்க முடியாது. லாட்ஜ் இந்த சீசனுக்குத் திறந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது சத்தம் கேட்கிறது என்கிறார் மோட்டார் போடுகிறவர். பைப்பில் காற்று என்கிறார் பிளம்பர். மூன்று மூன்றாகத்தான் வருகிறதாம்.

சங்கரேஸ்வரி வேலைக்குப் போகிறாள், வாசுதேவநல்லூருக்குள்ளேயே. குற்றாலம் பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை.

அன்றைக்கு எத்தனை தடவை இரண்டு தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கீழே இருந்தவனிடம் சொல்லியிருக்கிறாள்.

இரு... வாறேன்.