சிகாமட்டில் நனைந்த ரேடியோக்கள்

சிகாமட் ரயில் நிலையத்தில் இறங்கும்போதே சேற்று வாடை அடிக்கிறது. வெள்ளம் வடிந்து மூன்று நாளாகிறது. தனபாலன் அண்ணன் வீட்டு வாசலில் பழைய வால்வு ரேடியோக்களும் ரெக்கார்டு பிளேயர்களும் குவிந்து கிடக்கின்றன. தோட்டங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடி வாங்கி, இருபது ஆண்டுகளாக ஒவ்வொன்றையும் பாட வைத்தவர் அவர். நானும் இதே பித்துப் பிடித்தவன். ஏதாவது மிஞ்சியிருக்கும் என்றுதான் கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறேன்.

"போன வெள்ளத்துக்கப்புறம் அலமாரிய தலைக்கு மேல ஒசத்தி அடிச்சேன் தம்பி. அதுக்கும் மேல ஏறிருச்சு தண்ணி. நானும் வீட்டுக்காரியும் முகாம்ல இருந்தோம், என்னா செய்ய?" என்கிறார்.

ஒரு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றுகிறேன். ஒலிபெருக்கியின் காகிதம் கூழாகிவிட்டது. மரம் கையோடு பிரிந்து வருகிறது. அடுத்ததும் அப்படியே. ஆறாவது பெட்டியில் மட்டும் வால்வுகள் உடையாமல் இருக்கின்றன.

"இத நான் கொண்டு போயி சரி பண்றேண்ணே."

"வேணாம் லா. சரி பண்ணிட்டா எனக்குப் பாட வச்சுக் காட்டுவ. எனக்கு மறுபடியும் ஆச வந்துரும்."

என் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொள்கிறார்.

குப்பை லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் தலையை நீட்டி, எல்லாமுமா என்று மலாயில் கேட்கிறார்.

"செமுவா," என்கிறார் அண்ணன். எல்லாம்தான். கையிலிருக்கும் பெட்டியை அவரே முதலில் லாரியில் ஏற்றுகிறார்.