ஞாயிற்றுக்கிழமை மூடிய முடிதிருத்தகம்

முப்பத்தோரு வருடத்தில் மிட்சுயோ ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியது அன்றைக்குத்தான். ஒசாகாவில் முடிதிருத்தும் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அருங்காட்சியகங்களுக்கும் அதே பாழாய்ப்போன திங்கட்கிழமைதான். பண்டிகை என்று கடையைத் திங்களில் திறந்தால் செவ்வாயில் மூடுவார்கள். அந்த அருங்காட்சியக மகராசர்களும் கூடவே செவ்வாய்க்கு நகர்ந்துவிடுவார்கள். இப்படியே அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. சொந்த ஊர் அருங்காட்சியகம் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

இந்த முறை விடுவதாக இல்லை. வாடிக்கையாளர் உமெஹாரா, ஓய்வுபெற்ற வாத்தியார், ஒரு சேதியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஓவியம் தீட்டிய பழைய மடிப்புத் திரை ஒன்றை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம். முந்நூறு வருடத்துக்கு முந்தைய தெருக்களை அதில் வரைந்திருக்கிறார்களாம். ஒரு சவரக் கடையும் இருக்கிறது, கத்தி பிடித்திருப்பது பெண் போலத் தெரிகிறது, ஆனால் தன் கண்ணை நம்ப முடியாது என்றார். மிட்சுயோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார், "பொம்பள கையில கத்தியக் குடுத்த வழக்கம் எந்தக் காலத்துலயும் கெடையாது" என்று சொன்னது இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர் போய்ச் சேர்ந்தும் முள் போகவில்லை. திரைக்கு ஞாயிறுதான் கடைசி நாள்.

கூடக் கடை பார்க்கும் கணவர் தகேஜிக்கும் ஒரே குஷி. காலையில் கோட்டைக்குப் போனார்கள். போகிற இடமெல்லாம் அங்கே வைத்திருக்கும் நினைவு முத்திரையைத் தன் புத்தகத்தில் குத்திக்கொள்ளும் ஆசாமி அவர். கோணலாக விழுந்தால் திரும்பவும் வரிசையில் நிற்பார். மிட்சுயோ பொறுத்துக்கொண்டாள். தெருக்கடையில் வாங்கிய ஆக்டோபஸ் உருண்டையை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

அருங்காட்சியக வாசலில் சீட்டு வாங்கும்போது போன் வந்தது. பக்கத்துத் தோஃபு கடை கினுகோ. அவர்கள் கடைக் கதவில் "இன்று விடுமுறை" என்று எழுதியிருக்கிறது, ஆனால் வாசலில் வண்ணத் தூண் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்றாள். முடிதிருத்தும் கடை வாசலில் அந்த மின்சாரத் தூண் சுற்றினால் கடை உண்டு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தகேஜியின் முகம் வெளுத்துவிட்டது. முப்பத்தோரு வருடமாகக் காலையில் அவர் கை தானாகப் போகும் சுவிட்ச் அது. இன்றைக்கும் போயிருக்கிறது.

"உங்க தலையில முடி இருந்திருந்தா இங்கயே வச்சு மழிச்சிருப்பேன்," என்றாள்.

திட்டி முடிப்பதற்குள் அவள் கால் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பிவிட்டது. காத்திருப்பவர்களை விட்டுவிட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. தகேஜி தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தப்பு என்னோடது. அஞ்சு தலையையும் நான் பாத்துக்கறேன். நீ போயி திரையில இருக்கறவ பொம்பளையான்னு பாரு."

முத்திரைப் புத்தகத்தை அவள் கையில் திணித்து, கோணலாகக் குத்திவிடாதே என்று கெஞ்சிவிட்டு ஓடினார்.

திரைக்கு முன்னால் ஒரே கூட்டம். மிட்சுயோ இடித்துப் பிடித்து முன்னுக்குப் போனாள். பாலம், படகு, மீன் சந்தை என்று தேடித்தேடி நான்காம் மடிப்பின் அடியில் கண்டுபிடித்தாள். கட்டைவிரல் அளவுக் கடை. கத்தி பிடித்தவளின் கொண்டையில் சீப்பு. முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை. அவள் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். தொண்டையில் கத்தி இருக்கும்போது ஒருவன் தூங்குகிறான் என்றால் அவள் கை எப்பேர்ப்பட்ட கை! மிட்சுயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வெளியே ஓடிவந்து போன் போட்டாள்.

"பொம்பளதாங்க. முதுகுல புள்ளையக் கட்டிக்கிட்டு சவரம் பண்றா."

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. இரு, அப்பா படத்துக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார் தகேஜி. கடைச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து அவர் கத்துவதும், ஐந்து வாடிக்கையாளர்களும் விழுந்து விழுந்து சிரிப்பதும் போனில் கேட்டது.

"மாமாவுக்கு எப்பவும் காது மந்தம்," என்றாள் மிட்சுயோ. "இன்னொரு தடவ சொல்லுங்க."