பிரேக் அக்கா

பக்கத்து இருக்கைக்காரி கீபோர்டில் வேகமெடுத்தால் போதும், அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். மேஜைக்கு அடியில் மிதிப்பதற்கு ஒன்றும் கிடையாது. கணினி அறையின் வழவழப்பான தரையும், அதில் கீச்சென்று வழுக்கும் செருப்பும்தான். "அக்கா, இது கார் இல்ல" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வகுப்பில் அவளுக்குப் புயல் என்று பெயர். யோசிப்பதற்கு முன்பே தட்டி முடித்துவிடுவாள்.

"கார்னா பரவால்லடி, இடிச்சா சத்தமாவது கேக்கும். இது இடிச்சதே தெரியாம போயிக்கிட்டு இருக்கும்" என்பார் அக்கா. காலை மட்டும் எடுக்க மாட்டார்.

இருபது வருடங்களாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கார்களில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த ஒற்றை பிரேக்கால் அவர் காப்பாற்றிய தெருநாய்களும் தபால்பெட்டிகளும் ஏராளம். ஒருமுறை ஒரு பல் டாக்டரும் தப்பினார். இப்போது வயது நாற்பத்தைந்து. பயன்பாட்டுக் கணினியியலில் பட்டப்படிப்பு, கடைசி ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எல்லாம் அவர் முதல் கார் ஓட்டிய காலத்தில் பிறந்தே இராதவர்கள். பிரேக் அக்கா என்று அவர்கள் வைத்த பெயரை அவரே ஏற்றுக்கொண்டு, வகுப்பு வாட்ஸப் குழுவிலும் அப்படியே மாற்றிக்கொண்டார்.

படிக்க வந்ததற்குக் காரணம் கேட்டால் ஒரு மாணவனைச் சொல்வார். கிளட்ச் எது, பிரேக் எது என்று பிரித்தறியாத நிலையில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அந்தப் புண்ணியவான், "இன்னும் கொஞ்ச நாள்ல காரே தானா ஓடும் மேடம். உங்களுக்கெல்லாம் வேலை இருக்காது" என்று அருள்வாக்கு சொன்னானாம். அப்போது கார் பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தது. அக்கா பிரேக்கை மிதித்துவிட்டு யோசித்தார். காரே ஓட்டினாலும் காருக்கு யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டும் அல்லவா? "அத யார் கத்துக்குடுக்கறாங்கன்னு ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு கெளம்பினேன். பாத்தா, எல்லாம் இந்தப் புயல் மாதிரி பசங்க. பயந்துபோயி இங்கயே தங்கிட்டேன்."

கல்லூரி வாசலில் 'தொழில்நுட்ப உலகின் நுழைவாயில்' என்று எழுதியிருக்கும். அந்த வாயிலின் ஒரு கதவு திறக்காது. உள்ளே பேராசிரியர்கள் தங்கள் இளமைக் காலத்தில் தயாரித்த ஸ்லைடுகளைத் திரையில் ஓட்டி, வருங்காலத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார்கள். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, எதிரே வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பார். தூக்கம் வந்தால் மறைக்க மாட்டார். நிமிர்ந்தபடியே தூங்குவார். புரோகிராம் ஓடாமல் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து விழுந்தால் மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள். அக்கா அவற்றை வரிவரியாக உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, "சரி, கோவம் புரியுது. எந்த எடத்துலன்னு சொல்லு" என்று கணினியை விசாரிப்பார். நாற்பதாவது வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காகவா இந்த ஆர்ப்பாட்டம் என்று அவருக்கு ஆற்றாமை. "இத்தனை எழுதினவளுக்கு ஒரு புள்ளிய நீயே போட்டுக்கக் கூடாதா? மகராசன் மாதிரி உக்காந்திருக்கியே."

கணக்குதான் அவரைப் படுத்தி எடுத்தது. முதல் ஆண்டில் அதில் தோற்று, பள்ளி இறுதி வகுப்பிலிருந்த மகளிடம் பாடம் கேட்டார். மகள் சாதாரண வாத்தியார் இல்லை. "நேத்துதானே சொன்னேன்?" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனையும் போட்டாள். "பாஸானாலும் ஃபெயிலானாலும் எங்க ஸ்கூல் பக்கம் வந்து நானும் ஸ்டூடண்ட்னு சொல்லிக்கக் கூடாது." இரண்டாம் முறை அக்கா தேறினார். தேறியது எப்படி என்று இன்றும் அவருக்குத் தெரியாது. திருத்தியவருக்கும் தெரிந்திருக்காது என்பது அவர் அபிப்பிராயம்.

ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கணவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவர் தங்கைதான் வரும்போதெல்லாம் கொளுத்திப் போடுவாள். "ஏன் அண்ணி, மருமகன் தேடுற வயசுல மார்க் தேடிக்கிட்டு அலையறீங்களே."

"மருமகன் தானா வருவான்மா. மார்க் வராது" என்பார் அக்கா, லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஆனால் கடைசி ஆண்டில் நிஜமாகவே ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி வேலை பார்த்தால்தான் பட்டம். புயலை முதல் நிறுவனமே வளைத்துப் போட்டுவிட்டது. அக்காவை ஒவ்வொருவராகத் தட்டிக் கழித்தார்கள். ஓர் இடத்தில், "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?" என்று கேட்டார்கள். "அம்பதுல பாக்கறேன்" என்றார் அக்கா. கேட்டவர் சிரிக்கவில்லை. வேலையும் தரவில்லை. இன்னோர் இடத்தில் அவரை மாணவி ஒருத்தியின் அம்மா என்று நினைத்து, வெளியே காத்திருக்கச் சொல்லி காபி கொடுத்தார்கள். "காபி நல்லா இருந்துச்சு" என்று வந்து சொன்னார். அன்று முழுக்க அவர் கால் தரையை மிதிக்கவில்லை. புயல் எவ்வளவு வேகமாகத் தட்டியும் மிதிக்கவில்லை. "அக்கா, திட்டுங்களேன்" என்று அவளே கேட்டுவிட்டாள்.

கல்லூரியின் கையிருப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நிறுவனம். கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி. நேர்காணல் அறையில் இரண்டு பேர். ஆளெடுக்கும் பிரிவின் அதிகாரி அம்மாள் ஒருவர். கச்சிதமாகத் தாடி வைத்த இளைஞர் ஒருவர், ஒரு குழுவுக்குத் தலைவராம். அக்கா நுழைந்ததும் அந்தத் தாடி பாதி எழுந்து, எழலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

அக்காவுக்கு முகம் மறந்துவிட்டது, நின்ற விதம் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் அவரிடம் ஓட்டப் பழகியவன். ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் அழுதவன். அன்று அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "சுத்திக்கிட்டே இரு. தைரியம் வந்ததும் வெளிய வா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார் தாடிக்காரர். பிறகு, பதவி நினைவுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்.

அக்கா எழுதினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுத் தள்ளி நின்றார். தாடிக்காரர் ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"மேடம், இது சுத்திக்கிட்டே இருக்குமே. எப்ப வெளிய வரும்?"

அக்கா பலகையைப் பார்த்தார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதவே இல்லை. ஓடவிட்டால் மின்சாரம் போகும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். முகம் சூடானது. சட்டென்று சிரிப்பும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. தாடிக்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். ஒன்றும் புரியாத அதிகாரி அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலாவது வரியில..." என்று தாடிக்காரர் எழுந்தார்.

"உக்காருப்பா. நான் உனக்குச் சொன்னேனா?" என்றார் அக்கா. நெடுநேரம் பலகையை முறைத்தார். ஒரு வரியை அழித்தார், எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் சரியான இடத்தில் சரியான வரி வந்து விழுந்தது. அதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அதிகாரி அம்மாள் கேட்டார்: "எங்க டீம்ல எல்லாருமே உங்களவிடச் சின்னவங்க. தப்புப் பண்ணா திட்டுவாங்க. தாங்குவீங்களா?"

"இருபது வருஷமா நான் திட்டினேங்க. கொஞ்சம் வாங்கியும் பாக்கறேனே."

வெளியே உட்காரவைத்தார்கள். வெகுநேரம் கழித்துத் தாடிக்காரர் வந்தார். மென்பொருள் வெளியே போவதற்கு முன் அதில் என்னென்ன கோளாறு என்று சோதித்துப் பார்க்கும் பிரிவில் அவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

"பழகின மொகமாச்சேன்னு குடுக்கறியா?" அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா வேண்டாம்."

"உங்களக் கூட வச்சுக்கற அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரல மேடம். உள்ள இருக்கற மேடம்தான் புடிவாதமா கேட்டாங்க."

லிஃப்டில் இறங்கும்போதே கணவரை அழைத்தார். "ஏங்க, எடுத்துக்கிட்டாங்க." அந்தப் பக்கம் ஏதோ சுத்தியல் சத்தம் நின்றது. "நெசமாவா?" என்றார் அலட்டிக்கொள்ளாத மனிதர். "இரு, மொதல்ல தங்கச்சிக்குப் போன் போடறேன்."

வாசலில் காவலாளி கையை நீட்டினார். வருபவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் 'பார்வையாளர்' அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். சிவப்பு விளக்கை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தாண்டாத அக்கா அட்டையைக் கழற்றினார், நாடாவை நிதானமாகச் சுற்றினார், தன் கைப்பையில் போட்டார்.

"அம்மா, அத இங்க குடுக்கணும்."

"திங்கட்கிழமை கொண்டுவரேன்" என்று சொல்லி, அவர் முகத்துக்கு நேராகவே ஜிப்பை இழுத்து மூடினார்.