தங்கப்பொண்ணு நம்பர்

உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற ரோட்டில் ஆலங்கரடு விலக்கு என்று ஒரு நிறுத்தம் உண்டு. ஊர் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. பஸ் ஊருக்குள் வராது, விலக்கோடு சரி. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை அந்தப் பக்கம் போகும், அஞ்சு தடவை இந்தப் பக்கம் வரும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்ததற்கு இரண்டரை மணி நேரம் வேலமரத்தடியில் குத்தவைத்து எறும்பை எண்ண வேண்டியதுதான். பஸ்ஸுக்கு நேரம் எழுதிய போர்டு இருந்தது. அதை மக்களும் நம்பியதில்லை, பஸ்ஸும் மதித்ததில்லை.

ஆகவே ஆலங்கரட்டில் வெளியே கிளம்புகிற எவரும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். விலக்கில் டீக்கடை வைத்திருந்த தங்கப்பொண்ணுக்குப் போன் போடுவது.

“பஸ் வந்துருச்சா?”

“இன்னும் வரல, வெரசா வா.” அல்லது, “இந்தா ஏறுறாக, நீ அடுத்ததுக்கு வா.” அவ்வளவுதான் பேச்சு. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. அந்தப் பத்து எண்ணும் ஊரில் எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். சொந்தப் பிள்ளையின் நம்பரைப் பார்த்துச் சொல்கிறவர்கள்கூடத் தங்கப்பொண்ணு நம்பரைப் பார்க்காமல் சொல்வார்கள். நிழற்குடைச் சுவரில் யாரோ அதைக் கரிக்கட்டையால் வேறு எழுதிவைத்திருந்தார்கள்.

தங்கப்பொண்ணுக்கு ஒரு குணம். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று அவள் வாயில் வராது. டீ ஆற்றிக்கொண்டே ரோட்டை எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிய வாய். கேட்டவனை வெறுங்கையோடு அனுப்புவது அவளுக்கு, விருந்தாளியைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி.

எட்டு மாதத்துக்கு முன் குடும்பம் மதுரைக்கு வந்தது. மகள் முத்துமீனாவுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிள்ளையைத் தனியாக விட மனமில்லை. புருஷன் ஜெயபாண்டிக்கும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை அமைந்தது. கடையைப் பேச்சிமுத்து என்பவரிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி வீடு பிடித்தார்கள். விசில் சத்தமும் “திருச்சி, திருச்சி” என்கிற கூப்பாடும் சமையற்கட்டு வரை வரும். இத்தனை பஸ்ஸுக்கு நடுவில் குடிவந்தும், பஸ் வந்துவிட்டதா என்று அவளைக் கேட்க அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்காரம்மாளுக்கு அவள் ‘மாடி வீட்டம்மா’. பால்காரருக்கு ‘அரை லிட்டர்’. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஊரில் மனுஷி எப்படி இருப்பாள்? வந்து மூன்றாம் நாள் துணி காயப்போட்டுக்கொண்டே அழுதாள். ஜெயபாண்டி கேட்டதற்குக் கண்ணில் சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்றாள்.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. ஆலங்கரட்டிலிருந்து சோணையம்மாள். வெள்ளாடு மேய்க்கிறவள். ஊரில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிற ஆட்களில் தலையான ஆள்.

“ஏத்தா, பஸ் வந்துருச்சா?”

“மதினி, நான் இப்ப மதுரையில இருக்கேன்ல!”

“அது தெரியும்டி. பஸ் வந்துருச்சா?”

தங்கப்பொண்ணு ஒரு நொடிதான் யோசித்தாள். “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டு, அந்த ரூட்டில் கண்டக்டராக ஓடும் சிவபாண்டிக்குப் போன் போட்டாள். பதினைந்து வருஷம் அவள் கையால் டீ குடித்தவன். “கம்மாக்கரை தாண்டிட்டோம்க்கா. விலக்குல ஆள் நிக்கிதா?” என்றான் அவன். “சோணையம்மா மதினி வருது, ஒரு நிமிசம் பொறுத்து எடு” என்றாள். அன்று சோணையம்மாள் ஓடாமல் நடந்து வந்து பஸ் ஏறினாள்.

சேதி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளிலிருந்து பழையபடி ஆரம்பித்துவிட்டது. கடையில் புதிதாக உட்கார்ந்திருந்த பேச்சிமுத்துவிடம் கேட்டால், “வந்தா வரும்” என்பார். அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில நாளில் பேச்சிமுத்துவே, தன் கடை வாசலில் நின்றபடி, மதுரைக்குப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். தங்கப்பொண்ணு பருப்பு தாளித்துக்கொண்டே ஆலங்கரடு விலக்கை ஓட்டினாள். துணி காயப்போடும்போது கண்ணில் சோப்புத் தண்ணீர் படுவது நின்றுபோனது.

இதில் நொந்துபோனவள் முத்துமீனாதான். கூரியர் ஆபீசில் அவளுக்கு நாள் முழுக்கப் போன் எடுக்கிற வேலை. “என் பார்சல் எங்க வருது?” என்று நூறு பேர் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், “பஸ் எங்க வருது?” என்று அம்மாவின் போன் அடிக்கும்.

“ம்மா, எனக்காவது சம்பளம் குடுத்து எடுக்கச் சொல்றாங்க. உன்னை எவன்மா கேட்டான்? கருக்கல்லயே அடிக்க ஆரம்பிச்சிருது. என்னைத் தூங்க விடு, பாவம்ல நானு?”

அவள் கேட்டது நியாயம். புது சிம் ஒன்று வாங்கி வந்தாள். “இது வீட்டு ஆளுகளுக்கு மட்டும். பழசைக் கழட்டிரு” என்றாள். தங்கப்பொண்ணு அந்த சிம்மை வாங்கிக் கடுகு டப்பாவுக்குள் போட்டுவைத்தாள். கடுகு டப்பாவுக்குள் போனது வெளியே வர நாளாகும் என்பது முத்துமீனாவுக்குத் தெரியும். அதனால் தினமும் ஒருதரம் ஞாபகப்படுத்தினாள். தாயும் மகளும் முறைத்துக்கொள்ள, ஜெயபாண்டி தானுண்டு தன் தராசுண்டு என்று மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படி இழுபறியில் இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ஆலங்கரட்டுத் தாமரைச்செல்வி நர்சுக்குப் படித்து முடித்து மூன்று வருஷமாக அரசாங்க வேலைக்குக் காத்திருந்தவள். அன்று மதுரையில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பதினோரு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஏழேகாலுக்குப் போன் போட்டாள்.

“அத்தை, பஸ் வந்துருச்சா?”

தங்கப்பொண்ணு சிவபாண்டிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அவன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்காக லீவு போட்டிருந்தான், மேளச் சத்தத்தில் போன் கேட்கவில்லை. தெரியாது தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? ஆனால் அவளுக்கு வரவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது.

“இன்னும் வரல தாயி. நல்ல காரியத்துக்குப் போற புள்ள, ரெண்டு இட்லி தின்னுட்டே வா.”

அந்த பஸ்ஸுக்கு அன்று புது டிரைவர், புது கண்டக்டர். அந்த ரூட்டின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக பஸ் பத்து நிமிஷம் முந்தி வந்து, ஆள் இல்லையென்று நிற்காமல் போய்விட்டது.

ஏழே முக்காலுக்குத் தாமரைச்செல்வி விலக்கிலிருந்து கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. “அத்தை... பஸ் போயிருச்சாம். பேச்சிமுத்து அண்ணே சொல்றாரு.”

தப்பு தன்னுடையது என்று தங்கப்பொண்ணுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் ஒப்பாரி வைக்கிற ஆளில்லை அவள். “அழுகாத. அங்கேயே நில்லு” என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வேறு என்ன வண்டி வரும் என்று கண்ணை மூடி யோசித்தாள். முத்திருளனின் பால் வண்டி! பக்கத்து ஊரில் கேன் ஏற்றிக்கொண்டு இருப்பான். அடித்தாள். எடுத்தான்.

“மதினி, இன்னும் நாலு வீட்டுப் பாலு வாங்கணும். வெயில் ஏறுனா பாலு கெட்டுரும்.”

“பாலு கெட்டா தயிராச்சும் ஆகும். புள்ளைக்கு வேலை போனா என்னய்யா ஆகும்? வண்டியத் திருப்பு.”

திருப்பினான். தாமரைச்செல்வி பால் கேன்களுக்கு முன்னால் உட்கார்ந்து உசிலம்பட்டி போய், அங்கே மதுரை பஸ்ஸைப் பிடித்து, பதினோரு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். “உள்ள கூப்பிட்டுட்டாங்க அத்தை, எல்லாம் சரியாப் போச்சு” என்று மத்தியானம் சந்தோஷமாகப் போன் பண்ணினாள். தங்கப்பொண்ணு அதற்குப் பின்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“யானைக்கும் அடி சறுக்கும்டி” என்றார் ஜெயபாண்டி.

“சறுக்குனது யானை. விழ இருந்தது புள்ளையில்ல?”

ராத்திரி மற்ற இருவரும் சாப்பிட்டு முடித்ததும் அவளே கடுகு டப்பாவைத் திறந்து சிம்மை எடுத்து மகளிடம் நீட்டினாள். முத்துமீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயித்தவளுக்கு வர வேண்டிய சந்தோஷம் அவளுக்கு வரவில்லை.

“ஆனா சொல்லாமக் கொள்ளாம மாத்த மாட்டேன்” என்றாள் தங்கப்பொண்ணு. “நம்பி அடிக்கிறவக அடிச்சுக்கிட்டே இருப்பாக. ஞாயித்துக்கிழமை போயி, தாமரைகிட்ட மன்னிப்புக் கேட்டு, ஊர்ல சொல்லிட்டு வாரேன். வந்து மாத்திக்கிறேன்.”

முத்துமீனாவும் கூடப் போனாள். அம்மாவைத் தனியாக அனுப்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

விலக்கில் இறங்கியதும் தங்கப்பொண்ணு நின்றுவிட்டாள். நிழற்குடைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். கரிக்கட்டை எழுத்து போய்விட்டது. அந்த இடத்தில், பச்சைப் பெயின்டில், முழ உயரத்துக்கு எழுதியிருந்தது: ‘பஸ் விவரத்துக்கு, மதுரை தங்கப்பொண்ணு.’ கீழே பத்து எண்ணும். பஸ் நேர போர்டை அதன்மேல் மாட்ட இடமில்லாமல் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“எப்பண்ணே எழுதுனீக?” என்று பேச்சிமுத்துவைக் கேட்டாள்.

“நேத்துத்தேன். தாமரைதேன் பெயின்டர் கிட்ட நின்னு எழுத வச்சிச்சு.”

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம்! தப்புச் சொன்ன பிறகுமா? அதற்குள் தாமரைச்செல்வியே சேதி கேட்டு ஓடி வந்தாள். தங்கப்பொண்ணு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் எடுக்கவில்லை, குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டேன், உன் பிழைப்பில் விளையாடிவிட்டேன், இனி இந்த நம்பர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

தாமரைச்செல்வி சிரித்தாள். “அத்தை, நீங்க இந்தப் பதினஞ்சு வருசத்துல ஒரு நாள் தப்பாச் சொன்னீக. பஸ்ஸு மாசத்துல பத்து நாள் தப்பா வருது. பஸ்ஸையா மாத்திட்டோம்?”

பேச்சிமுத்துவும் டீயை ஆற்றிக்கொண்டே சேர்ந்துகொண்டார். “நீ இங்க இருந்தப்ப பஸ் வந்துருச்சா வரலையான்னுதான் தெரியும் தங்கச்சி. மதுரைக்குப் போனபெறகுதான் எங்குட்டு வருதுன்னே தெரியுது. நீ போனது ஊருக்கு நல்லதாப் போச்சு.”

இது புகழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று தங்கப்பொண்ணுக்கு விளங்கவில்லை. ஆனால் மனசு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்தாள். இந்தத் தடவை சோப்புத் தண்ணீர் என்று சொல்ல வழியில்லை.

முத்துமீனா அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஆபீசில் நாளுக்கு நூறு பேருக்குப் பதில் சொல்கிறாள், அவள் பெயரைக்கூட எவரும் கேட்டதில்லை. அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்: “ம்மா, தெரியலைன்னா ‘தெரியாது’ன்னு சொல்ல வேண்டாம். ‘விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்’னு சொல்லணும். எங்க ஆபீஸ்ல மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. அப்பறம், எல்லாக் கண்டக்டர் நம்பரையும் வாங்கி வை. ஒத்த ஆளை நம்பக்கூடாது.”

“அப்ப அந்தப் புது சிம்மு?”

“அப்பாவுக்குக் குடுத்துருவோம். காலையில ஏழு மணி வரைக்கும் போனை அடுப்படியில வச்சுக்க. அம்புட்டுதான் நான் கேக்குறது.”

நாலரை மணி பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். சிவபாண்டி விசிலோடு படியில் நின்று சிரித்தான். முத்துமீனா ஏறி இடம் பிடித்தாள். தங்கப்பொண்ணு படியில் ஒரு காலை வைக்கும்போது போன் அடித்தது. சோணையம்மாள். காலையிலிருந்து கரட்டில் ஆடு மேய்த்துவிட்டு வருகிறவள். ஊர்ச் சேதி எதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

“ஏத்தா, பஸ் வந்துருச்சா? உசிலம்பட்டிக்கு மக வீட்டுக்குப் போகணும், பக்கத்துல வந்துட்டேன்.”

எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தங்கப்பொண்ணு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “வந்துருச்சு மதினி! நிப்பாட்டி வச்சிருக்கேன், மெதுவா வாங்க” என்று கத்தினாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். சிவபாண்டி விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சோணையம்மாள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். படியில் போனும் கையுமாக நிற்கிற தங்கப்பொண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று தங்கப்பொண்ணு கையை நீட்டினாள். சோணையம்மாளுக்கு வந்ததோ கோபம்.

“அடியே, நீ பாட்டுக்கு இங்க வந்து நிக்கிறியே! அங்க மதுரையில யாருடி போன் எடுக்குறது?”