கட்டிலிலிருந்து தெரியாத குளம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரம் மேலவீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ரெஜினா அக்காவின் எண். "சொல்லுங்கக்கா" என்றேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கணவரின் குரல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது. "வசந்தா... ரெஜினா... போய்ட்டா." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாகவும், கடலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் அவர்கள் மகள் ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

அந்த மனிதரால் அந்தச் சொற்களைத் தன் வாயால் சொல்ல முடிந்ததற்கே அக்காதான் காரணம். தொலைபேசி அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு மேல்பட்டாம்பாக்கத்து வீட்டின் பின்பக்கம் பெரிய மீன் குளம் ஒன்று கட்டினார் என்பதும் காதில் விழுந்திருக்கும். ஏன் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்து ரெஜினா அக்கா என்றால் எனக்கு நினைவு வருவது ஒரு புயலுக்குப் பிந்தைய காலை. கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்க லைன் செத்துக் கிடந்தது. புகார் கவுன்ட்டர் முன்னால் ஒரே கூட்டம், ஒரே கூச்சல். புதிதாகச் சேர்ந்திருந்த நான் உள்ளறையில் போய் நின்றுகொண்டேன். அக்கா பக்கக் கதவைத் திறந்து வெளியே போனார். வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில், அவர்களுக்கு நடுவே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "மொத்தமா கத்துனா எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஒவ்வொருத்தரா திட்டுங்க. யாரு மொதல்ல?" என்று கேட்டார். முன்வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாலை வரை அந்த பெஞ்சைவிட்டு அவர் எழவில்லை. "எதிர்ல நின்னா சண்டை, பக்கத்துல உக்காந்தா பேச்சு" என்று அன்றைக்கு எனக்குச் சொன்னார்.

அவர் கணவர் அந்தோணியை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக். எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் அவருடைய காது வேலையை முடித்துவிடும். படகு முகத்துவாரத்துக்குள் நுழையும்போதே கரையில் நின்று கேட்டு, "டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு" என்பார். அப்படியேதான் இருக்கும்.

அக்கா ஓய்வு பெற்ற மறு ஆண்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. நடக்க நடக்கக் கால் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா நடக்கவில்லை. துறைமுகத்து ஆட்கள் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நான் போனபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சோற்றை அக்கா ஊட்டினால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒரு நாள் போனபோது அக்கா பின்பக்கத்தில் சுண்ணாம்புத் தூளால் பெரிய கோடு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அவரைக்காய் வடிவத்தில் வளைந்து, தோட்டத்தில் பாதியை விழுங்கியிருந்தது.

"இன்னாக்கா இது?"

"குளம். கடலுக்குக் கூட்டிக்கினு போறேன்னா அவுரு வரமாட்டேங்குறாரு. நாலு பேரு பாப்பாங்களாம். அதான் தண்ணிய இங்க கொண்டாறேன்."

எனக்கு ஒன்று உறுத்தியது. மாமா படுத்திருந்த அறையின் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்துத்தான் இருந்தது. கோடோ ஜன்னலுக்கு நேராக இல்லாமல், வீட்டின் மூலையைத் தாண்டி அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

"ஜன்னலுக்கு நேரா வெச்சா மாமா பாப்பாருல்ல?"

"நேரா வெச்சா படுத்துக்கினே பாத்துடுவாருடி" என்றார் அக்கா. "கட்டில்லேருந்து தெரியக் கூடாது. சத்தம் மட்டும் கேக்கணும்."

எனக்கு அது கொடுமையாகத்தான் பட்டது. எழ முடியாதவருக்கு எட்டாத இடத்தில் ஒன்றைச் செய்து வைப்பானேன் என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம்கூடக் குறைப்பட்டேன்.

வேலை ஆரம்பித்தது. ஓரத்தில் கணுக்கால் அளவுக்கு ஒரு படி, அதைத் தாண்டினால் இடுப்பளவு ஆழம். அந்தப் படி எதற்கென்று கேட்டேன். செடித் தொட்டி வைக்கவும், யாராவது தவறி விழுந்தால் காலூன்றவும் என்றார். தோண்டிய பள்ளத்தில் மணலும் பழைய கோணியும் பரப்பி, அதன் மேல் கிள்ளைப் பக்கம் இறால் குட்டைகளுக்கு விரிக்கும் கனமான கருப்பு ஷீட்டை விரித்தார்கள். பாறைகள் விழுப்புரத்துப் பக்கம் குவாரியிலிருந்து லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொரு கல்லையும் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு பெரிய தட்டைப் பாறையை எத்தனை முறை புரட்டச் சொன்னார் என்று கணக்கில்லை. வேலையாட்கள் முனகினார்கள். "கல்லு நிக்கக் கூடாதுப்பா, உக்காரணும். அடி மண்ணுல பொதையட்டும்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தப் பிடிவாதத்தில் எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் பாறை உட்கார்ந்ததும் அது எப்போதும் அங்கேயே கிடந்ததுபோல்தான் இருந்தது. கரை நெடுக வெட்டிவேர், தொட்டிகளில் அல்லி, ஒரு மூலையில் கல்வாழை. எதிர்க் கோடியில் கற்களை அடுக்கிச் சின்ன அருவி. குளத்தின் ஆழத்தில் ஓட்டை போட்ட பக்கெட்டுக்குள் மோட்டார் வைத்து, தண்ணீரை அருவியின் தலைக்கு ஏற்றினார்கள்.

முதலில் விட்ட மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. பச்சையாகக் கலங்கிப்போன தண்ணீரில் அக்கா இறங்கி, ஒவ்வொன்றாக அள்ளிக் கல்வாழை அடியில் புதைத்தார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். "உள்ள படுத்திருக்குறவரும் இப்புடித்தான் போயிடுவாரோ, வசந்தா" என்றார். மீன் கொடுத்த லால்பேட்டை பாய் வந்து பார்த்தார். "தண்ணி இன்னும் பழகலக்கா. மீனும் ஜாஸ்தி வுட்டுட்டீங்க. செடி வேர் புடிக்கட்டும், இன்ஷா அல்லாஹ், நானே கொண்டாந்து வுடுறேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பொறுத்திருந்தார். தண்ணீர் தெளிந்தது. பாய் சொன்னபடியே கொண்டுவந்து விட்ட கெண்டைகள் பிழைத்துக்கொண்டன.

ஆனால் மாமா அசையவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தது. அருவி இரவு பகலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வந்திருந்தார். நாங்கள் சமையலறையில் இருந்தோம். அருவியின் சத்தம் விட்டுவிட்டு வருவதையும், மோட்டார் ஒரு மாதிரி இழுத்து உறுமுவதையும் நானே கவனித்தேன். சொல்ல வாயெடுத்தேன். அக்கா உதட்டில் விரல் வைத்தார். அறையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். தட்டுவது நின்றது. ஏதோ தரையில் இழுபடுவது கேட்டது. நான் எழப்போனேன், அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மூலையில் தூசி படிந்து கிடந்த வாக்கரை இடது கையால் தள்ளிக்கொண்டு, சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு மாமா வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த குளத்தை முதல்முறையாகப் பார்த்தார். இடது கையைத் தண்ணீரை நோக்கி நீட்டினார். வாய் கோணி, எச்சில் வழிந்து, கடைசியில் ஒரு சொல் வந்தது.

"அடைப்பு."

அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். "ஆமா, அடைப்புதான். எடுக்கத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க இங்க?" என்று கேட்டார்.

அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீரில் இறங்கிப் பக்கெட்டை மேலே தூக்கிப் பிடித்தார். அதன் ஓட்டைகளில் அல்லி வேர் சுற்றியிருந்தது. தட்டைப் பாறையில் உட்கார்ந்து, இடது கையாலேயே மாமா அதைப் பிய்த்து எடுத்தார். மறுபடி மோட்டாரைப் போட்டதும் அருவி பழையபடி கொட்டியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அக்காவை விடாமல் கேட்டேன், வேரைச் சுற்றிவிட்டது நீங்கள்தானா என்று. "நான் சுத்தல. அதுவா சுத்திக்கிச்சி" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "ஆனா எனக்குத் தெரியும். எடுக்காம வுட்டேன். மீனு மேல வந்து வாயத் தொறக்குது, மனசு கேக்கல. இன்னும் ஒரு நாள் பாப்போம், இன்னும் ஒரு நாள் பாப்போம்னு இருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு மோட்டார் மாமாவின் பொறுப்பானது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெரிய மோட்டார் போடலாமா வேண்டாமா என்று இருவருக்கும் ஒரு நாள் சண்டை. அக்கா எனக்கு உடனே ஃபோன் செய்தார். "இன்னிக்கு என்னத் திட்டிட்டாருடி. முழுசா, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும்" என்றார். அவ்வளவு மகிழ்ச்சியான குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய மாலை, ஸ்டெல்லா தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தாள். அவள் பெங்களூரில் இருப்பவள். "தனியா இருக்கப் போறீங்க. அம்மாவும் இல்ல. குளத்த மூடிட்டு என்னோட வந்துடுங்கப்பா" என்றாள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கட்டிலில் படுக்கும்படி உறவினர் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்தார். அவர் அந்தக் கையை விலக்கினார்.

"மூடுறத... அப்புறம் பாக்கலாம்" என்றார். "மீனுக்கு... இன்னும் தீனி போடல."

எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஸ்டெல்லாவும் பின்னாலேயே போனாள். இருவரும் இருட்டும்வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். குளம் இன்னும் மூடப்படவில்லை. அவள் இப்போது வாராவாரம் வந்துபோகிறாள்.

ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுண்டு. என் கணவருக்குக் கால் மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முதல் வாரம் எல்லாவற்றையும் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுதான் அன்பு என்று நினைத்து. அக்காவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, காப்பியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, "காப்பி ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். படுக்கையிலிருந்து என்னைத் திட்டும் குரல் கேட்டது. நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தரையில் அவர் கால் ஊன்றும் சத்தம் கேட்டது.