ஓர் அறை வீட்டின் ஓபரா

டக், டக், டக். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையை இடிக்கிறார். நான் கதிரையை இழுத்ததற்கு அந்தத் தண்டனை. சத்தம் காலுக்குக் கீழேதான். உடம்பு மட்டும் பல வருடம் பின்னுக்குப் போய், ஸ்காபரோவில் டோர்செட் பார்க் மாடிவீடொன்றின் குளியலறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

ஒற்றைப் படுக்கையறை வீடு. வாடகை லீஸில் மூன்று பேர், பாயில் எட்டுப் பேர். நான் அங்கே வாடகைக்கு ஒட்டிக்கொண்டவன். கதவு தட்டப்பட்டால், கட்டடத்தை மேற்பார்க்கும் சூப்பரிண்டெண்டன் அடுப்புப் பார்க்க வந்திருப்பார் என்று ஐந்து பேர் குளியலறைக்குள் போவோம். தாய், தகப்பன், மகன் மூவரும் வெளியே நின்று மூன்று பேருக்கான குடும்பம் நடத்துவார்கள். அந்த மகன் கீபோர்ட் வாசிப்பான், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. கட்டையில் விரல் விழுகிற ஓசை மட்டும், மழைக்கு முந்திய தூறல்போல.

இப்போது அவன் இசையமைப்பாளன். ஆடி மாதத்திலும் கழுத்தில் சால்வை. நகரத்து மண்டபமொன்று அவனிடம் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம், ஓபரா கேட்டது. இசை அவன், வார்த்தை நான். அந்த வீட்டைத்தான் எழுதினேன், நான் வாயைப் பொத்திக் கிடந்த வருடங்களுக்கு வேறு சாட்சி இல்லை என்பதால். கடைசிக் காட்சியில் எட்டுப் பேரும் தொண்டை கிழியப் பாடவேண்டும்.

ஒத்திகைக்குப் போனேன். ஒரே நேரத்தில் மூன்று வாய்க்கு மேல் திறக்கவில்லை. மேளம் தட்டினால் ஐந்து பேர் திரைக்குப் பின்னால் ஓடினார்கள். குரல்கள் கால்விரலில் நடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கே தெரியாமல் அந்தக் குளியலறை அவன் இசைக்குள் ஏறியிருந்தது. அவன் செய்ததில் உண்மையானது அது ஒன்றுதான்.

அதையும் பங்கர், ஷெல்லுக்கு ஒளிக்கும் பதுங்குகுழி என்றார்கள். வைன் கிளாஸும் ஈரக் கண்களுமாய் மண்டபத்துப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். போரின் மௌனமாம், ஓர் இனத்தின் மௌனமாம். மேடையில் வீடு வேண்டாம், பங்கர் வையுங்கள் என்றார்கள். இவன் தலையாட்டினான். ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை. பிறந்ததிலிருந்து கேட்ட பெரிய வெடி, தாயின் பிரஷர் குக்கர்.

மில்லிக்கனில் அவனுக்கும் தாய் தகப்பனுக்கும் இப்போது சொந்த வீடு. போய்க் கேட்டேன்.

"சூப்பரிண்டெண்டனுக்குப் பயந்தது எண்டு உள்ளதைச் சொல்லன்ரா."

"அண்ணை, சூப்பரிண்டெண்டனுக்கு ஆர் கிராண்ட் காசு தருவான்? பங்கர் எண்டா, தே கெட் இட், உடன விளங்கும்."

"நீ பங்கர் கண்டனியோ?"

"நீங்கள் கண்டனீங்கள்தானே. அது காணும்."

தேத்தண்ணி கொண்டுவந்த தாய் நின்றுவிட்டார். "பங்கருக்குள்ள ஆர் தம்பி வாயைப் பொத்தினது? கத்தினனாங்கள், அழுதனாங்கள், தேவாரம் பாடினனாங்கள். ஷெல் அடிக்கிறவன் லீஸ் கேக்கிறவனோ? வாயைப் பொத்தினது இஞ்ச வந்துதான்."

"நைஸ், அம்மா. உதை ஷோ புத்தகத்து நோட்ஸில போடுவம்," என்று போனில் எழுதினான். எட்டிப் பார்த்தேன். கத்தினது இல்லை, இஞ்ச வந்துதான் என்பதும் இல்லை. அழுததும் தேவாரமும் மட்டும் இருந்தன. பெற்றவளின் வாயிலிருந்தும் விற்கக்கூடியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறான். இவனுக்கு இசை எதற்கு, பிளாசாவில் ஒரு கடை போதுமே.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கார்வரைக்கும் வந்தான்.

"அப்ப கடைசி சீனை பங்கருக்கு மாத்தித் தருவியளோ?"

"மாட்டன். என்ர பேரையும் எடுத்துவிடு. உண்மையான பங்கருக்குள்ள நான் இருந்தனான். உன்ர பங்கருக்குள்ள வரமாட்டன்."

அவன் முகத்தில் ஒரு கீறலாவது விழுந்ததா என்று பார்த்தேன். யோசனைதான் ஓடியது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஓகே அண்ணை. ஆனா ஷோவுக்கு வருவியள்தானே?"